உடம்பும் பழசு, சாமானும் பழசு

நமக்கு வயதாகும்போது வீட்டில் உள்ள சாமான்களுக்கும் வயதாகிவிடுகிறது. முழங்கால் வலி ஒரு தொந்தரவு, ஆடுகிற நாற்காலி இன்னொரு தொந்தரவு. தனித்தனியாக இரண்டையும் சமாளித்துவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் கைவிடும்போதுதான் ஆள் கீழே விழுகிறார். அறுபதைத் தாண்டிய பிறகு எனக்கு நேர்ந்த சின்னச் சின்ன விபத்துகளை யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் நடந்திருக்கிறது.

இளவயதில் செருப்பு வழுக்கினால் மறுகால் தானாக ஊன்றிக்கொள்ளும். படியில் வெளிச்சம் போதாவிட்டாலும் கண் சமாளிக்கும். கைப்பிடி லூசாக இருந்தால் பிடி தானாக இறுகும். சாமானின் குறையை உடம்பு சுமந்துகொண்டு போவதால் அந்தக் குறை இருப்பதே நமக்குத் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்பது மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகமெடுக்கும். ஆகவே நேற்றுவரை பரவாயில்லை என்று விட்டு வைத்த நாற்காலி இன்று ஆபத்தானதாகிவிடுகிறது. நாற்காலி அப்படியேதான் இருக்கிறது, மாறியது உடம்பு.

கைத்தடியில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்காகத் தடி ஊன்றத் தொடங்கி நன்றாகப் பழகியும் விட்டது. ஒருநாள் ஈரத் தரையில் தடி சர்ரென்று முன்னால் ஓடியது. அதே நொடியில் முழங்காலும் மடங்க, மணிக்கட்டை ஊன்றித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். பிசியோதெரபிஸ்ட் என் காலைத் தொடுவதற்கு முன் தடியைக் கேட்டு வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். அடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழமழவென்று பளபளத்தது. இன்னொரு பக்கத்தில் வட்டவட்டமான வரிகள் புதிதுபோல் அப்படியே இருந்தன. “சார், ரொம்ப நாளா தடியைச் சாய்வா ஊன்றி நடக்கிறீங்க. உயரம் சரியில்லை,” என்றார்.

தடியின் உயரம் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கையைப் பக்கவாட்டில் தளரத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் மடிப்புக் கோடு இருக்கிறதல்லவா, தடியின் கைப்பிடி அந்த உயரத்துக்கு வர வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். என்னுடையது இரண்டு விரல்கடை அதிகமாக இருந்தது. அதனால்தான் தோள் தூக்கிக்கொண்டு தடி சாய்ந்திருக்கிறது.

எந்தக் கையில் பிடிப்பது என்பதிலும் பலருக்குக் குழப்பம். வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது வலது காலும் இடது கையும் சேர்ந்துதான் முன்னால் போகின்றன. வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தடியும் தொட்டால் பாரம் பங்காகிவிடும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் வலிக்கிற கால், தடி. இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் கடைசியில். உடம்பைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் எப்போதும் நல்ல காலின் வேலை என்று நினைவில் வைத்தால் வரிசை மறக்காது. படியில் கைப்பிடிக் கம்பி இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ரப்பர் அடி தனியாக விற்கிறது. தடியின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போக வேண்டும். பழைய ரப்பரின் உள்ளேயே பெரும்பாலும் அந்த எண் பொறித்திருக்கும். லூசாக இருப்பதை வாங்கிக் காகிதம் சுற்றி நுழைப்பது வேண்டவே வேண்டாம். வரிகள் தேய்ந்து மழமழப்பானால் மாற்றிவிட வேண்டும், கிழியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு தடியின் பத்திரம் முழுக்க அந்த ரப்பர் வட்டத்தில்தான் இருக்கிறது.

செருப்பும் ஷூவும் அடுத்தது. நல்ல ஷூ என்று பெட்டியில் பத்திரமாக எடுத்து வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அப்படி வைத்திருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் கால் மெத்தென்று பதிந்தது. குனிந்து பார்த்தால் வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள். அடிப்பாகம் ரொட்டித் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே தோல் கொஞ்சமும் கெடாமல் பளபளவென்று இருந்தது. எட்டு வைப்பதற்குள் ஒரு கால் உயரமும் மறுகால் பள்ளமுமாகி இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. பல ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். காற்றோட்டமில்லாத பெட்டியில் அடைத்து வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே நெடுநாள் எடுக்காத ஷூவைப் போடும் முன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அதைப் போட்டுக்கொண்டு படி இறங்கக் கூடாது. நல்ல செருப்பை எடுத்து வைக்காமல் போட்டு நடந்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. நமக்குத்தானே வாங்கினோம்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் செருப்பு வாங்கப் போவதும் மாலையில்தான் நல்லது. பின்பக்கம் வார் இல்லாத செருப்பு குதிகாலிலிருந்து நழுவாமல் இருக்க விரல்கள் அதை ஓயாமல் பற்றிக்கொண்டிருக்கும். நடை இழுத்து இழுத்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் காலை நுழைக்கக் கூடாது. உள்ளே கிடக்கும் சிறு கல் அவர்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் வில்லை விறைக்கத் தொடங்கிக் கிட்டத்து எழுத்து மங்கும். இந்த வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. வெளிச்சம் குறைவதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. வயதாக ஆகக் கண்ணின் பாப்பா முன்போல் விரிவதில்லை, வில்லையும் மஞ்சளேறுகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. வீட்டில் பிள்ளைகளுக்குப் போதுமான பல்பு நமக்குப் போதாமல் இருப்பது இதனால்தான். கண்ணாடியை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி என்பது பழைய யோசனை. அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தமக்கு வயது எண்பதை நெருங்கும்போது, 1785-இல், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம்முடைய இரட்டைக் கண்ணாடியைப் பற்றி மகிழ்ச்சியோடு விவரித்திருக்கிறார். நடுவில் கோடு இல்லாத ப்ரோக்ரஸிவ் கண்ணாடி 1959-இல் பிரான்சில் வந்தது. நானும் அதைத்தான் போடுகிறேன், படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் படி இறங்கும்போது கண் கீழே போகும். கண்ணாடியின் கீழ்ப்பாதி ஒரு கை தூரத்துக்குள் இருப்பதைப் படிப்பதற்காகச் செய்தது. படியோ அதைவிட வெகு தொலைவில் இருக்கிறது. விளிம்பு கலங்கி இரண்டு படிகள் ஒன்றாகத் தெரியும். ஒரு சாயங்காலம் நான் கடைசிப் படி முடிந்துவிட்டதாகக் கால் வைத்தேன், இன்னும் ஒன்று இருந்தது. கைப்பிடிக் கம்பியின் மேல் கை இருந்ததால் தொங்கிக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பியின் ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, பிடுங்கிக்கொண்டு வரவில்லை. மறுநாளே இறுக்கியாயிற்று.

இப்படிப்பட்ட கண்ணாடிகள் விளிம்பையும் ஆழத்தையும் கணிக்கும் திறனைக் குறைத்து, விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002-இல் எழுதியிருக்கிறார்கள். இப்போது நான் வெளியே நடக்கப் போவதற்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். அது கையில் இல்லாதபோது, படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையையே குனிகிறேன். அப்படிச் செய்தால் கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் படி தெரியும். படிகளின் விளிம்பில் தரையிலிருந்து வேறுபட்டுத் தெரிகிற நிறத்தில் பட்டை ஒட்டியதும் பெரிய உதவி.

கண்ணாடியின் திருகு கழன்று விழுவதும் அடிக்கடி நடப்பதுதான். கண்ணாடி இல்லாமல் அந்தத் துளி ஸ்க்ரூவை எப்படித் தேடுவது? அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து மெல்லத் திருப்புங்கள். ஸ்க்ரூ தெரியாவிட்டாலும் அதன் நீண்ட நிழல் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கினால் ஓரிரு நாள் தாங்கும். ஸ்க்ரூ போட்ட பிறகு அதன் தலையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தால் சீக்கிரம் கழலாது. பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் ஒரு நிரந்தர இடத்தில் வையுங்கள். பவர் கொஞ்சம் குறைந்தாலும் அவசரத்துக்கு அதுதான் கண்.

இனி, என்னை நிஜமாகவே பயமுறுத்திய ஒன்று. விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அறை சுழன்றது. தலை லேசாகக் கிறுகிறுத்தது என்று சொல்ல முடியாது, சுவரும் ஜன்னலும் கண்ணெதிரே ஓடின. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். பக்கத்திலிருந்த சிறிய மேசையின் கால் ஏற்கெனவே ஆட்டம். அது தண்ணீர்ச் செம்பு, மாத்திரை டப்பா, கண்ணாடியோடு சாய்ந்தது. மனைவி ஓடிவந்து விளக்கைப் போட்டபோது நான் மெத்தையை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். பக்கவாதம்தான் வந்துவிட்டது என்று இருவரும் நினைத்தோம்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் என்னை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணையே பார்த்தார். கருவிழி ஒரு பக்கமாகத் துடித்தது. உடனே காரணம் சொல்லிவிட்டார். உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. வயதாகும்போது அவை கழன்று, பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடும். தலையைத் திருப்பினால் குழாயின் திரவத்தில் அவை நகர்ந்து, உடம்பு சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பும். அந்தப் படிகங்களை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும் முறையை ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். அதைப் பற்றிய அவருடைய முக்கியமான கட்டுரை 1992-இல் வெளிவந்தது. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. தலையை ஒரு வரிசையில் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சற்று நேரம் வைத்திருப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. அன்று இரவே புரண்டு படுக்க முடிந்தது. வாழ்க்கை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல்முறை வரும்போது வீடியோ பார்த்து நீங்களாகவே செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் திருப்பினால் பயனில்லை. கழுத்து எலும்பில் கோளாறு இருந்தால் ஆபத்தும் உண்டு. தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ அல்லது அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டியதாக எடுத்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் மாத்திரை, புரோஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றால் இது கூடலாம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். வயதானால் தாக உணர்வும் மங்கிவிடுவதால் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்துகொள்ளும். இரவில் எழும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, தலை தெளிந்த பிறகே நிற்பது என்று வைத்துக்கொண்டேன். அந்த மேசையின் காலும் சரிசெய்தாயிற்று. கட்டிலருகே இருப்பது எதுவானாலும் சாய்ந்தால் தாங்க வேண்டும்.

கட்டிலருகே வைத்திருந்த டார்ச்சும் ஒருமுறை எரியவில்லை. திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொருக்கு. ஆல்கலைன் பேட்டரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய வைத்தால் பலநேரம் திரும்ப எரியும். பழசும் புதுசும் கலந்து போடக் கூடாது. இப்போது நடைவழியில் ஆள் நடமாடினால் தானாக எரியும் சிறு விளக்குகள் இருக்கின்றன, இருட்டில் சுவிட்சைத் தேட வேண்டியதில்லை.

தோள்பட்டை இறுகிக்கொள்வது இன்னொரு சங்கடம். கையை உயர்த்த முடியாது, பின்னால் கொண்டுபோக முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ஒரு வருடம் முதல் மூன்று வருடம்வரைகூட இழுக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அப்படி இறுகியிருந்தபோது எனக்குச் சட்டை போடுவதே ஒரு போராட்டம். ஒருநாள் பாதிச் சட்டையில் கை சிக்கி, இழுத்தபோது தையல் விட்டதோடு தோளில் சுள்ளென்று வலி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போடும்போது வலிக்கிற கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது வலிக்கிற கை கடைசியில் வர வேண்டும். யாராவது இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு வலி மிச்சமாகியிருக்கும் என்று நினைத்ததுண்டு, அதனால்தான் எழுதுகிறேன். தலைவழியாக மாட்டும் உடைகளைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஜிப் இறுகினால் பென்சில் முனையை அதன் பற்களில் தேயுங்கள், மெழுகுவர்த்தியும் ஆகும். ஜிப்பின் நுனியில் சாவி வளையம் ஒன்றைக் கோத்துவிட்டால் விரல் நுனியில் வலுவில்லாதவர்களும் இழுக்கலாம். பூட்டில் சாவி சிக்கினாலும் பென்சில் தூள்தான், எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து இன்னும் இறுகும். குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருப்பும் மருந்து மூடிகள் நம் கைகளுக்கும் திறப்பதில்லை. வீட்டுக்குக் குழந்தைகள் வருவதில்லை என்றால் சாதாரண மூடி போட்டுத் தரச் சொல்லி மருந்துக் கடையில் கேட்கலாம்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வயதோடு முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற உச்ச சுருதி ஒலிகள். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவிவிடுவதால் வரும் கஷ்டம் இது. சத்தமாகப் பேசினால் தீராது, எதிரே நின்று நிதானமாகப் பேசினால் தீரும். மேலே சொன்ன ஃப்ராங்க்ளின் கடிதத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. பேசுபவர் முகம் தெளிவாகத் தெரிவதால் பிரெஞ்சுப் பேச்சு தமக்கு நன்றாகப் புரிகிறது என்கிறார். கண்ணாடி போட்டால் காதும் கொஞ்சம் கேட்கும் என்பது என் அனுபவமும்கூட.

காதுக் கருவி போட்டுக்கொண்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். மாத்திரை சாப்பிடும் நேரத்தைக் கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “காதுல மாட்டியிருக்கீங்க சரி, அது வேலை செய்யுதா?” செய்யவில்லை. புதுப் பேட்டரிதான், ஆனால் ஸ்டிக்கரை உரித்த கையோடு போட்டிருந்தது. இந்தப் பேட்டரிகள் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்தால்தான் சிறு துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். உரித்துவிட்டு ஓரிரு நிமிடம், முடிந்தால் ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்து அப்புறம் போட்டால் நன்றாக உழைக்கும். ஒருமுறை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும், திரும்ப ஒட்டிப் பயனில்லை. அளவை நிறத்தால் அறியலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கருவி ஊமையாகிவிட்டால் பேட்டரிக்கு முன் நுனியில் காதழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். மருந்து நேரம், எண், தேதி எல்லாவற்றையும் கேட்டதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது கருவி நன்றாக இருக்கும் நாளிலும் நல்ல பழக்கம்.

போன் தொடுதிரை விரலைக் கண்டுகொள்வதில்லை என்பது பலரும் சொல்லும் குறை. திரை விரலின் மின்கடத்தலை உணர்ந்துதான் வேலை செய்கிறது, வயதான தோல் வறண்டுவிடுவதால் அது குறையும். விரலை லேசாக ஈரப்படுத்தினால் போதும். ரேகையும் தேய்ந்து மங்கும், ஆகவே பதிவு செய்யும் இடத்தில் ஒரே விரலை இரண்டு தடவை பதிவு செய்யுங்கள், ரகசிய எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி உப்பிப் பின்மூடி மேலெழுந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும், அழுத்தவோ குத்தவோ கூடாது. பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பு எண்ணும் மருந்து ஒவ்வாமையும் தெரியும்படி வைக்கப் பெரும்பாலான போன்களில் வசதி உண்டு. இதைப் படித்து முடித்ததும் அதை முதலில் செய்துவிடுங்கள்.

பிள்ளைகள் அன்பு மிகுந்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொல்வார்கள். “அப்பா, இந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல சோபாவா வாங்கிடலாமே,” என்றாள் மகள். வந்த சோபா மெத்தென்று இருந்தது, தாழ்வாகவும் இருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும், எழ ஆள் வேண்டும். பழைய நாற்காலிக்கு ஆடிய காலில் பசை வைத்து இறுக்கினோம். உறுதியான இருக்கை, இரண்டு பக்கமும் கைப்பிடி, முழங்காலின் பின்மடிப்பு உயரத்துக்கு இருக்கை. எழ இவை போதும். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். பொருள் பழையதா புதியதா என்பதைவிட நம் உடம்பு அதைத் தொடுகிற இடம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கை பிடிக்கும் இடம், கால் ஊன்றும் இடம், பாரம் இறங்கும் இடம். மாதம் பிறந்ததும் அந்த இடங்களை மட்டும் கையால் ஆட்டிப் பார்த்துவிடுகிறேன்.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் விழ நேரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம். ஆகவே எழுந்திருக்கும் முறையை உடம்பு நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பழகி வைப்பது அவசியம். விழுந்ததும் பதறி எழக் கூடாது. அசையாமல் கிடந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்போ கழுத்தோ கடுமையாக வலித்தால், தலையில் அடிபட்டிருந்தால் எழ முயலாமல் ஆளைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் அடிபட்டால் வலியே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அடி இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டுத் தவழ்ந்து உறுதியான நாற்காலிக்குப் போங்கள். இரண்டு கையையும் இருக்கையின் மேல் வைத்து, வலுவான காலின் பாதத்தைத் தரையில் ஊன்றி, மெல்ல எழுந்து, அப்படியே திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். சற்று நேரம் உட்கார்ந்த பிறகுதான் நிற்க வேண்டும்.

எழவே முடியாவிட்டால், குளிர்ந்த தரையில் நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடப்பதுதான் பெரிய கெடுதல். எட்டுகிற துணியையோ மிதியடியையோ மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவ்வப்போது பக்கம் மாறிப் படுத்து, கை காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் போனை உயரமான அலமாரியில் வைக்காமல் கழுத்துக் கயிற்றிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள், பாத்ரூமுக்கும் கொண்டுபோங்கள். மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கட்டும், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அந்தச் சாவி உதவாது என்பதையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக மாற்றிவிட்டோம்.